அகழோரத்துக் குளிர் இரவு: மறைவானவற்றை நம்புதல் பற்றிய ஒரு பாடம்

மறைவானவற்றை நம்புதல் நம் மார்க்கத்தின் வாசற்படி. திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமாகிய ஸூறத்துல் பகறா, பயபக்தியுடையோர் யார் என்று சொல்லத் தொடங்கும்போது, தொழுகையையும் தான தருமத்தையும் கூறுமுன்னே கைபை, அதாவது கண்ணுக்குப் புலப்படாதவற்றை, நம்புவதைத்தான் கூறுகிறது. அல்லாஹுத்தஆலா, அவனுடைய மலக்குகள், வேதங்கள், ரஸூல்மார்கள், இறுதி நாள், நன்மையும் தீமையும் அவன் விதித்தபடியே என்னும் கத்ர் ஆகிய ஆறையும் நம் பிள்ளைகள் மதறஸாவில் ராகத்தோடு ஒப்பிக்கிறார்கள். இந்த ஆறில் வேதம் ஒன்றுதான் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது. அதுவும் காகிதத்தையும் எழுத்தையும்தான் பார்க்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்பது நம்பிக்கையில்தான் நிற்கிறது.

வியாபாரிகளாகிய நமக்கு இவ்விஷயம் சற்று முரணாகவும் தோன்றலாம். ஏனெனில், சரக்கைக் காணாமல் வாங்காதே என்பதுதான் நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர்களின் முதல் பாடம். மார்க்கச் சட்டமும் அதற்கு ஏறக்குறைய ஒத்தே நிற்கிறது. நம் தென்னாட்டுக் கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோரும், இந்நாட்டு மலாய்ச் சகோதரர்களும் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில், வாங்குகிறவனும் விற்கிறவனும் கண்டிராத பொருளின் வியாபாரம் செல்லாது என்பதே வலுவான சொல். இராவுத்தர்மார் பெரும்பாலோர் பின்பற்றுகிற ஹனபீ மத்ஹபில் அது செல்லும். ஆனால் சரக்கைக் கண்டபின் வேண்டாம் என்று திருப்பிவிடும் உரிமை வாங்கினவனுக்கு உண்டு. ஆக, இரண்டு இமாம்களும் கண்ணை ஒதுக்கிவிடவில்லை. ஒருவர் முன்னாலேயே பார் என்கிறார். மற்றவர் பின்னாலாவது பார் என்கிறார்.

இப்படிப்பட்ட சட்டத்தை உடைய மார்க்கம், எல்லாவற்றிலும் பெரிய காரியத்தில் மட்டும் காணாததை நம்பு என்று சொல்வானேன்?

இதற்கு விடையும் நம் தொழிலுக்குள்ளேயே ஓரளவு கிடக்கிறது. ஸலம் என்றொரு வியாபாரம் உண்டு; நான்கு மத்ஹபும் அதை ஒப்புக்கொள்கின்றன. விலையை முன்னதாக முழுவதும் கொடுத்துவிட்டு, தவணை குறித்துச் சரக்குக்குக் காத்திருப்பது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தபோது அவ்வூர் ஜனங்கள் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டும் ஈராண்டும் முன்னதாகவே பணம் கொடுக்கும் வழக்கமுடையவர்களாக இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கவேண்டும் என்று மட்டும் ஒழுங்கு செய்தார்கள். பழம் இன்னும் மரத்தில் பூக்கவேயில்லை, பணமோ கைமாறிவிட்டது. இங்கே கண் வேலை செய்யவில்லை, எதிரே உள்ளவனின் வாக்குதான் வேலை செய்கிறது. ஆள் யார் என்பதைத் தீர விசாரித்துத் தெரிந்துகொண்டவன்தான் ஸலம் வியாபாரத்தில் துணிந்து இறங்குகிறான். சீனத் தவுக்கேயோடு வாய்ச்சொல்லில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கொள்முதல் செய்த நம் முன்னோர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

ஆனால் மறைவானதை நம்புவது என்றால் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவது என்று ஒரு கூட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. கல்லாப் பெட்டியில் வைக்க ஒரு தகடும், புதுக்கடை திறக்க ஒரு நாளும் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நம் கடைத்தெருக்களுக்குள்ளும் வராமலில்லை. இவர்கள் விற்பது கைபு அன்று. கைபை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று திருக்குர்ஆன் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. இதில் நாம் ரசித்துப் படிக்கத்தக்க ஒரு செய்தியும் உண்டு. மக்காவாசிகள் பெரும் வணிகர்கள் அல்லவா? அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, விலை ஏறுமுன்னே உம் இறைவன் உமக்கு அறிவிக்கக் கூடாதா, மலிவாக இருக்கும்போதே வாங்கி வைத்து லாபம் அடையலாமே என்று கேட்டதாகத் தப்ஸீர் நூல்களில் காண்கிறோம். அதற்கு இறங்கிய விடை ஸூறத்துல் அஃறாபின் 188ஆம் வசனம். தமக்கு மறைவானவை தெரியாது, தெரிந்திருந்தால் நலன்களை ஏராளமாகச் சேர்த்துக்கொண்டிருப்பேனே என்று சொல்லும்படி நாயகத்துக்கே கட்டளையாயிற்று. நாயகத்துக்கு இல்லாத அறிவு, தகடு விற்கிறவனுக்கு எங்கிருந்து வந்தது?

அப்படியானால் மறைவானதை நம்பி நடந்துகொள்வது எப்படி இருக்கும்? இதை விளக்க ஓர் இரவின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அது ஒரு குளிர்கால இரவு. நாம் குளிர்காலம் அறியாத நாட்டில் பிழைக்கிறவர்கள். கேமரன் மலைக்கு ஒருநாள் போய்விட்டுக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தால் அதுவே நமக்குப் பெரிய குளிர். மதீனாவின் குளிர் வேறு. ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், கருங்கல் பாறைகளும் வறண்ட நிலமும் சூழ்ந்த ஊர். பகலில் வெயில் இருந்தாலும், பொழுது சாய்ந்ததும் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். நிலத்தின் சூடெல்லாம் மேலே போய்விடும். காற்றும் எழுந்துவிட்டாலோ எலும்புக்குள் குத்தும்.

ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டு, கி.பி. 627ஆம் ஆண்டின் தொடக்கம். குறைஷியரும் கத்பான் கூட்டத்தாரும் இன்னும் பல கோத்திரத்தாரும் ஒன்றுகூடி ஏறத்தாழ 10,000 பேர் மதீனாவை நோக்கி வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் 3,000 பேர். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்ன யோசனைப்படி ஊரின் வடபுறத்தில் அகழ் வெட்டினார்கள். மற்றப் பக்கங்களில் எரிமலைக் கற்பரப்பும் பேரீச்சந் தோப்புகளும் அரணாக இருந்தன. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று பங்கு பிரித்து வெட்டியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நாயகம் (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு வேலை நடந்தது.

அந்த வேலையின் நடுவே ஒரு பாறை குறுக்கிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் கடப்பாரையால் அதை உடைக்கையில், ஷாம், பாரசீகம், யமன் ஆகிய நாடுகளின் திறவுகோல்கள் தமக்குத் தரப்பட்டதாக அறிவித்தார்கள். முனாபிக்குகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கிஸ்றாவின் கஜானாவையும் கைஸரின் கஜானாவையும் நமக்கு வாக்களிக்கிறார். நம்மில் ஒருவன் இயற்கைத் தேவைக்குக்கூட அச்சமின்றி வெளியே போக முடியவில்லை என்றார்கள். கண்ணால் கண்ட கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதிரே 10,000 பேர்; வயிற்றிலோ கல். பேரேட்டில் இருந்த வரவு செலவை அவர்கள் சரியாகத்தான் கூட்டினார்கள். பேரேட்டில் ஏறாத ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் ஏற்கவில்லை.

முற்றுகை 20 நாட்களுக்கு மேல் நீடித்தது. ஊருக்குள் இருந்த பனூகுறைழா கூட்டத்தாரும் உடன்படிக்கையை முறித்துக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தது. முன்னாலும் பகை, பின்னாலும் பகை. அந்நாட்களின் கலக்கத்தைத் திருக்குர்ஆனின் 33ஆவது அத்தியாயம் மறைக்காமல் சொல்கிறது. அந்த அத்தியாயத்துக்கே அஹ்ஸாப், அதாவது கூட்டணிப் படைகள் என்றுதான் பெயர். முஃமின்கள் உலுக்கப்பட்டார்கள் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. நம்பிக்கையுள்ளவனுக்கு அச்சமே வராது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

இனி அந்தக் கடைசி இரவு. அதை நமக்குச் சொல்லிவைத்தவர் ஹுதைபத்துப்னுல் யமான் (ரலி) அவர்கள். அவர்களைப் பற்றி ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பத்ருப் போருக்குச் சற்று முன்னர், இவர்களும் இவர்களின் தகப்பனாரும் வழியில் குறைஷியர் கையில் சிக்கினார்கள். போரில் சேரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடுதலை கிடைத்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னபோது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆள் கூடினாலும் பலம் என்றிருந்த நேரம் அது. வாக்குப் பெற்றவர்களோ பகைவர்கள். நம் வியாபாரத்தில் எழுத்தில் இல்லாத சொல்லுக்கு எத்தனை சாக்குச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இச்செய்தியின் கனம் விளங்கும்.

அப்பெருமகனார் பிற்காலத்தில் ஒருநாள் சிலரோடு பேசிக்கொண்டிருக்கையில், ஒருவர் உற்சாகமாக, நாயகத்தின் காலத்தில் நாம் இருந்திருந்தால் அவர்களோடு நின்று உயிரைக் கொடுத்துப் போரிட்டிருப்போம் என்றார். நீர் அப்படிச் செய்திருப்பீரா என்று கேட்டுவிட்டு ஹுதைபா (ரலி) அவர்கள் அந்த இரவின் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

கடுங்காற்று, கடுங்குளிர். பகைவர்களின் நிலையைப் பார்த்து வருகிறவர் யார், அவரை மறுமை நாளில் அல்லாஹ் என்னோடு இருக்கச் செய்வான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒருவரும் எழவில்லை. இரண்டாம் முறை கேட்டார்கள். மூன்றாம் முறையும் கேட்டார்கள். எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள்.

இந்த மௌனத்தை நாம் அவசரப்பட்டுத் தாண்டிப் போகக்கூடாது. இருந்தவர்கள் யார்? பத்ரையும் உஹதையும் கண்டவர்கள். வாக்களிக்கப்பட்டது என்ன? மறுமையில் நாயகத்தின் அருகில் இடம். இதைவிடப் பெரிய கூலி உண்டா? ஆனால் கூலி காணாதது, தவணையோ நீண்டது. கொடுக்கவேண்டிய விலை மட்டும் அந்த நிமிஷமே, அந்தக் குளிரிலேயே. மேலே ஸலம் வியாபாரம் பற்றிச் சொன்னோமே, அதேதான் இது. மதரஸாவில் ராகத்தோடு ஒப்பித்த ஆறு காரியங்களும் ஓர் இரவில் எவ்வளவு கனத்துப்போகும் என்பதை, மனிதர்களில் சிறந்தவர்களாகிய அவர்களின் மௌனமே நமக்குக் காட்டுகிறது. அதைச் சொன்னவரும் தம்மை விலக்கிக்கொண்டு சொல்லவில்லை. தாமும் எழாதவர்களில் ஒருவர் என்றே சொல்லுகிறார்கள்.

பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைபாவே எழும் என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். பெயர் சொன்ன பிறகு எழாமல் இருக்க வழியில்லை என்கிறார்கள் ஹுதைபா (ரலி). போய்ச் செய்தி கொண்டு வாரும், அவர்களைக் கிளப்பிவிடாதீர் என்பது கட்டளை.

இங்கே இன்னொன்றும் யோசிக்கத்தக்கது. வஹீ இறங்கிக்கொண்டிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், பகைவர் பாளயத்தில் என்ன நடக்கிறது என்று அறிய ஓர் ஆளை அனுப்புகிறார்கள். அகழையும் வெட்டினார்கள், காவலும் போட்டார்கள், துஆவும் கேட்டார்கள், ஒற்றரையும் அனுப்பினார்கள். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று கடைக்குப் பூட்டுப் போடாமல் போகிற தவக்குல் அந்த இரவில் காணப்படவில்லை.

ஹுதைபா (ரலி) புறப்பட்டார்கள். புறப்பட்ட மாத்திரத்தில், வெந்நீர்க் குளியல் அறையாகிய ஹம்மாமுக்குள் நடப்பதுபோல் உடம்பு கதகதப்பாக இருந்தது என்கிறார்கள். காற்று ஓய்ந்துவிடவில்லை, பகைவர் பாளயத்தில் அது பாத்திரங்களை உருட்டிற்று, நெருப்பை அணைத்தது, கூடாரங்களைப் பிடுங்கிற்று. ஒரே காற்று ஒருவருக்கு வெதுவெதுப்பாகவும் மற்றவர்களுக்கு வேதனையாகவும் இருந்தது. திருக்குர்ஆன் 33:9இல், அந்தக் காற்றோடு நீங்கள் காணாத படைகளும் அனுப்பப்பட்டன என்ற கருத்துச் சொல்லப்படுகிறது. அவை மலக்குகள் என்பது விரிவுரையாளர்கள் சொல். காற்றை இரு தரப்பாரும் உணர்ந்தார்கள். படையை எவரும் காணவில்லை. மதீனாவின் ஜனங்கள் மறுநாள் காலையில் கண்டதெல்லாம் வெறிச்சோடிய மைதானத்தைத்தான்.

இருளோடு இருளாகப் பாளயத்துக்குள் புகுந்த ஹுதைபா (ரலி), அபூஸுப்யான் நெருப்பின் அருகில் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். பகைவர்களின் தலைவர் அவர். பெரிய வணிகர், குறைஷியரின் வியாபாரக் கூட்டங்களை நடத்திச் சென்றவர். அம்பை வில்லில் பூட்டியாயிற்று. எய்தால் தப்பாது. ஒரே அம்பில் முற்றுகையின் தலை விழுந்துவிடும். ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும். அந்தச் சமயத்தில், கிளப்பிவிடாதீர் என்ற சொல் நினைவுக்கு வந்தது. அம்பை மீட்டுக்கொண்டார்கள்.

அந்த இருளில் அதைக் கண்டவர் யார்? எய்திருந்தால் வீரம் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். எய்யாமல் விட்டதை அவர்களே சொன்னாலொழிய ஒருவருக்கும் தெரியாது. அறிவு ஒரு பக்கம் இழுத்தது. சொன்னவரின் சொல் மறுபக்கம் நின்றது. அந்தச் சொல்லுக்குக் காரணம்கூட அவர்களுக்கு விளக்கப்படவில்லை. நாம் மறைவானதை நம்புதல் என்று சொல்லுவது இந்த மீட்டுக்கொண்ட அம்பைத்தான். படிக்கல்லின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை வாங்க வருகிறவர் புரட்டிப் பார்ப்பதில்லை. மூட்டையின் மேல்வாயில் இருக்கும் அரிசிதான் அடியிலும் இருக்கிறதா என்பது மூட்டையைத் தைத்தவனுக்குத்தான் தெரியும். இறந்துபோன பங்காளியின் பேருக்கு எவ்வளவு வரவு என்பது சில வேளைகளில் உயிரோடிருக்கிற பங்காளி ஒருவருக்கு மட்டுமே தெரியும். இவ்விடங்களிலெல்லாம் இருட்டுத்தான். தராசில் நிறுக்கும்போது நம் தோளில் இருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் நம்புகிறோமா என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை. கேட்டாலும் ஆம் என்றுதான் சொல்லுவோம். கை என்ன செய்கிறது என்பதுதான் பதில்.

எய்யாமல் விட்ட அந்த அம்பின் மிச்சக் கதையும் உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரீ 8இல், கி.பி. 630ஆம் ஆண்டில் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது அபூஸுப்யான் இஸ்லாத்தைத் தழுவினார். அவர் வீட்டுக்குள் புகுந்தவருக்கும் அபயம் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அன்று அறிவித்தார்கள். நெருப்பருகில் முதுகு காய்ந்துகொண்டிருந்த மனிதருக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று வில்லைப் பிடித்திருந்தவருக்கு எப்படித் தெரியும்?

இருளில் வேற்றாள் புகுந்திருக்கலாம் என்று ஐயுற்ற அபூஸுப்யான், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவன் யார் என்று பாருங்கள் என்றாராம். ஹுதைபா (ரலி) முந்திக்கொண்டு பக்கத்திலிருந்தவனின் கையைப் பிடித்து, நீ யார் என்று கேட்டுவிட்டார்களாம். கேட்டவரை யார் ஐயப்படுவார்? பிறகு அபூஸுப்யான், பாத்திரமும் நிற்கவில்லை, நெருப்பும் நிற்கவில்லை, கூடாரமும் நிற்கவில்லை, நான் புறப்படுகிறேன் என்று ஒட்டகத்தின்மேல் ஏறிவிட்டார்; கட்டிய காலை அவிழ்ப்பதற்கும் அவருக்குப் பொறுமையில்லை. செய்தியோடு ஹுதைபா (ரலி) திரும்பினார்கள். திரும்பும்வரை உடம்பு கதகதப்பாகவே இருந்தது. சொல்லி முடித்ததும் குளிர் வந்து பற்றிக்கொண்டது. நாயகம் (ஸல்) அவர்கள் தாம் போர்த்தித் தொழுதுகொண்டிருந்த மேலாடையின் ஓரத்தை இவர்கள்மீது போர்த்தினார்கள். விடியும்வரை அயர்ந்து தூங்கினார்கள். காலையில், தூக்கக்காரரே எழும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பினார்கள்.

அகழில் பாறையை உடைத்தபோது சொல்லப்பட்ட கிஸ்றாவின் கஜானா என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஹிஜ்ரீ 16, கி.பி. 637இல் பாரசீகப் பேரரசின் தலைநகராகிய மதாயின் முஸ்லிம்கள் வசமாயிற்று. கிஸ்றாவின் அரண்மனையின் பெரிய செங்கல் வளைவு பாக்தாதுக்குத் தெற்கே இன்றும் நிற்கிறது. பக்கத்து ஊருக்கு ஸல்மான் பாக் என்று பெயர். அகழ் வெட்ட யோசனை சொன்ன அதே ஸல்மான் (ரலி) அவர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். அவர்களும் மதாயினின் கவர்னராக இருந்தவர்கள்தாம். குளிரில் நடுங்கி எழாமல் இருந்து, பெயர் சொன்ன பிறகு எழுந்த ஹுதைபா (ரலி) அவர்களும் கலீபா உமர் (ரலி) அவர்களால் அந்நகருக்குக் கவர்னராக அனுப்பப்பட்டார்கள். ஹிஜ்ரீ 36இல், கி.பி. 656இல் அங்கேயே காலமானார்கள்.

அவர்கள் கவர்னராக நகருக்குள் வந்தபோது ஒரு கழுதையின்மேல் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். வரவேற்க நின்றவர்களுக்கு ஆள் யார் என்றே விளங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, உங்களிடம் இருக்கும்வரை எனக்கு உணவும் என் கழுதைக்குத் தீனியும் போதும் என்றார்கள். சில காலம் கழித்து உமர் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வரும்படி ஆள் அனுப்பினார்கள். வருகிறார் என்று தெரிந்ததும், கிஸ்றாவின் நகரத்தில் இருந்துவிட்டு எப்படி வருகிறார் என்று காண, உமர் (ரலி) அவர்களே வழியில் மறைந்து நின்றார்கள். மறைவில் ஒருவர் நிற்பதை அறியாமல் ஹுதைபா (ரலி) வந்தார்கள். புறப்பட்டுப் போனபோது எப்படிப் போனார்களோ அதே கோலத்தில், அதே எளிமையில். உமர் (ரலி) அவர்கள் மறைவிலிருந்து வெளியே வந்து, நீர் என் சகோதரர், நான் உம் சகோதரன் என்று சொல்லி அவர்களைக் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.